சீன மொழியில் ஒரு வாழ்த்து

பண்டிகை நாளில் ஒருவரையொருவர் கண்டு நல்வாக்குக் கூறுதல் பல நாட்டு மக்களிடத்தும் காணப்படும் வழக்கமேயாம். பொங்கல் நாளன்று அயல் வீட்டாரைக் கண்டு 'பால் பொங்கிற்றா?' என்று வினவுகின்றோம். தீபாவளியன்று விடியற்காலையில் 'கங்காஸ்நானம் ஆயிற்றா?' என்கின்றோம். இவை வடிவத்தால் வினாக்களாயினும் கருத்தால் வாழ்த்துக்களே. இவற்றைக் கேட்கும் பிறநாட்டான் ஒருவன், பால் பொங்கிய செய்தியில் இவர்க்கு இத்துணை அக்கறை யாது கருதி என்று ஐயுறுவான். பிறநாட்டார் வாழ்த்துக்களைக் கேட்குங்கால் நாமும் அவ்வாறே ஐயுறுகின்றோம். சீனர்தம் புத்தாண்டு வாழ்த்து அத்தகையதொன்று. அதனை யாம் எமது இளமைப் பருவத்தில் ஒருமுறை மிக நன்றாகவும், மிகத் தவறாகவும் ஒருங்கே சொல்லிய வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

எம் தந்தையார் சிங்கப்பூரில் ஒரு கப்பற்பட்டறையிற் கணக்கராய் வேலை பார்த்து வந்தார். யாங்கள் குடியிருந்தது அரசாங்கத்தார் கட்டிக்கொடுத்த அடுக்குமாடி வீடுகளுள் ஒன்று. ஏழாவது மாடியில் நீண்ட தாழ்வாரம். அதன்மேல் வரிசையாகக் கதவுகள். எம் கதவுக்கு அடுத்த கதவு ஒரு சீன முதியவருடையது. அவரை 'ஆ கோங்' என்றும், அவர்தம் மனைவியாரை 'ஆ மா' என்றும் யாங்கள் அழைத்தோம். ஹொக்கியென் மொழியில் இவை பாட்டனாரையும் பாட்டியாரையும் குறிக்குஞ் சொற்கள். ஆ கோங் பன்னெடுங்காலம் சந்தையிற் கீரை விற்றவர். அவர்க்குத் தமிழ் தெரியாது. எம் அன்னையார்க்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் பொதுவாய் உதவியது கடைத்தெரு மலாய்மொழி. அதிலும் எம் அன்னையார் அறிந்தவை நாற்பது ஐம்பது சொற்களுக்கு மேல் இரா. அந்நாற்பது சொற்களைக்கொண்டே முருங்கைக்கீரையின் குணம் முதல் மருமகளின் குணம் ஈறாக அவர்கள் பேசாத பொருளில்லை. எம்மை ஆ மா 'தம்பி' என்றே அழைப்பார். அஃதொன்றே அவர் அறிந்த தமிழ்.

சீனப் புத்தாண்டு நம் சித்திரைப் பிறப்பைப்போல ஏறக்குறைய ஒரே தேதியில் வருவதன்று. அவர்கள் மாதங்களை அமாவாசை தொடங்கி எண்ணுகின்றனர். சந்திரமாதக் கணக்கு சூரிய ஆண்டோடு பொருந்தும்பொருட்டுப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஏழு முறை ஓர் அதிக மாதம் சேர்க்கின்றனர். ஆதலால் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் முன்னும் பின்னுமாகப் பெயர்ந்து வரும். 2025ஆம் ஆண்டில் அது ஜனவரி 29லும், 2026ஆம் ஆண்டில் பிப்ரவரி 17லும் வந்தது. 1912ஆம் ஆண்டிற் சீனாவிற் குடியரசு ஏற்பட்டபோது ஐரோப்பிய நாட்காட்டியை அரசாங்கத்தார் மேற்கொண்டனர். ஆண்டுப்பிறப்பு என்னும் பெயர் ஜனவரி முதல் நாளுக்குச் சென்றமையாற் பழைய புத்தாண்டுக்கு 'சுன் ஜியே', அஃதாவது வசந்தத் திருநாள், என்னும் பெயர் வழங்கலாயிற்று. பெயர் மாறினும் மக்கள் மனம் மாறவில்லை. பதினைந்து நாள் நீடித்து விளக்குத் திருநாளோடு முடிவுறும் அப்பண்டிகையை, 2024ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ மன்றத்தார் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தனர்.

எமக்கு முதன்முதல் வாழ்த்துச் சொல்லக் கற்பித்தவர் ஆ கோங். அப்பொழுது எமக்கு எட்டு வயது. தாழ்வாரத்தில் எம்மை நிறுத்தி, வலக்கையை முட்டியாக மடக்கச் செய்து, அதன்மேல் இடக்கையைப் பொதியவைத்து, மார்புக்கு நேரே இருமுறை மெல்ல அசைக்கச் சொன்னார். யாம் கைகளை மாற்றி வைத்துவிட்டோம். அவர் உடனே எம் கைகளைப் பற்றித் திருத்தினார். ஆண்மக்களுக்கு இடக்கை மேலிருத்தல் வேண்டும். வலக்கை மேலிருப்பது சாவு வீட்டுக்குரியது என்று மலாய் பாதியும் சைகை பாதியுமாக விளக்கினார். பிறகு 'கியோங் ஹீ ஹுவாட் சாய்' என்று சொல்லித்தந்தார். யாம் அதனைத் திருப்பிச் சொல்லவே, சிவப்புக் காகித உறை ஒன்று எம் கையில் வந்தது. இரு கைகளாலும் வாங்குக, கொடுத்தவர் முன்னிலையிற் பிரிக்கற்க என்பன எம் தந்தையார் முன்னரே கற்பித்திருந்த பாடங்கள்.

அச்சொற்றொடரையே மாண்டரின் மொழியிற் 'கோங் ஷீ ஃபா த்ஸாய்' என்பர். காண்டன் நகரத்தார் மொழியில் 'கோங் ஹேய் ஃபாட் சோய்' என்பர். எழுத்து ஒன்றே, ஒலி மட்டும் நாட்டுக்கு நாடு வேறு. முதலிரண்டு எழுத்துக்கள் 'உமக்கு மகிழ்ந்து பாராட்டுகின்றோம்' என்றும், பின்னிரண்டு எழுத்துக்கள் 'செல்வம் பெருகுக' என்றும் பொருள்படும். இதன் பொருளை அறிந்த எம் நண்பர் சிலர், 'பண்டிகை நாளிலும் பணத்தைப் பற்றிய பேச்சுத்தானோ?' என்று நகைத்ததுண்டு. யாமும் ஒருகாலத்து அவ்வாறே எண்ணினோம். ஆயினும் நம் பெரியோர் மணமக்களுக்குக் கூறும் பதினாறு பேறுகளுள் பொன்னும் நெல்லும் இல்லையோ? இல்லாமையை நெடுங்காலம் அறிந்தவனுக்குச் செல்வம் பெருகுக என்னும் சொல் பேராசையன்று. பசி வாராதிருக்க என்னும் வேண்டுகோளேயாம். ஆ கோங் சந்தையில் ஒரு காசு இரு காசாகச் சேர்த்து நான்கு மக்களைப் படிக்கவைத்தவர். அவர் வாயில் அச்சொல் எவ்வாறு ஒலித்தது என்பதைக் கேட்டவர்கள் நகைத்தல் இயலாது.

செல்வ வாழ்த்து ஒன்றே சீனருக்குண்டு என்பதும் பிழை. 'ஷின் நியென் குவாய் லெ' என்பது புத்தாண்டு இன்பமாகுக என்னும் பொது வாழ்த்து. இளையோர் முதியோர், அறிந்தார் அறியார் யாவர்க்கும் ஏற்றது. வடசீனத்தார் 'குவோ நியென் ஹாவ்' என்று எளிதாகச் சொல்லுவர். 'வான் ஷி ரு யீ' என்பது எண்ணியவையெல்லாம் எண்ணியாங்கு ஆகுக என்பது. 'ஷென் தி ஜியென் காங்' உடல் நலமுடன் வாழ்க என்பது. மாணாக்கர்க்குக் கூறுவது 'ஷுவே யே ஜின் பு'. கல்வியில் முன்னேறுக என்பது அதன் பொருள். வயதில் மூத்தோர்க்கு 'லோங் மா ஜிங் ஷென்' என்பர். பறவைநாகத்தின் ஊக்கமும் குதிரையின் ஊக்கமும் உமக்கு உளவாகுக என்பது கருத்து. இவை பெரும்பாலும் நந்நான்கு எழுத்துக்களாலாயவை. ஓரெழுத்து ஓரசை ஆதலால் நான்கசையில் ஒரு வாழ்த்து முடிந்துவிடும். இன்னார்க்கு இன்னது என்னும் வரையறையே இவ்வாழ்த்துக்களின் உயிர் என்பதைப் பின்னர் அறிந்தோம்.

சீன மொழியில் ஒரே ஒலியுடைய சொற்கள் பல. அதனால் அவர்தம் பண்டிகையிற் பாதி சிலேடையாகவே நிகழ்கின்றது. 'யூ' என்பது மீனுக்கும் பெயர், மிச்சப்படுதலுக்கும் பெயர். ஆகவே ஆண்டிறுதி இரவு விருந்தில் முழுமீன் ஒன்று இருத்தல் வேண்டும். 'நியென் நியென் யோ யூ', ஆண்டுதோறும் மிச்சம் உண்டாகுக என்பர். 'ஃபு' என்னும் நற்பேற்றெழுத்தைச் சிவப்புத் தாளில் எழுதித் தலைகீழாக ஒட்டுவாரும் உளர். தலைகீழாதல், வந்துசேர்தல் என்னும் இரண்டுக்கும் 'தாவ்' என்பதே ஒலி. 'உங்கள் நற்பேறு தலைகீழாய் விட்டதே' என்று ஒருவர் சொல்வாராயின், நற்பேறு வந்துவிட்டது என்றே அது கேட்கும். பண்டிகையன்று பீங்கான் தட்டொன்று தவறி விழுந்து உடைந்தால் ஒருவரும் சினவார். 'சுவெய் சுவெய் பிங் ஆன்' என்பர். 'சுவெய்' உடைதலுக்கும் ஒலி, ஆண்டுக்கும் ஒலி. ஆண்டாண்டும் அமைதி நிலவுக என்னும் வாழ்த்தாக உடைசல் மாறிவிடுகின்றது. இவற்றின் மறுபுறமும் உண்டு. நான்கு என்னும் எண் சாவு என்னும் சொல்லின் ஒலியை ஒத்திருத்தலால் அவ்வெண்ணை விலக்குவர். கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்தல் இறுதிக்கடன் செய்தல் என்னும் பொருள்பட ஒலித்தலால் அதனைக் கொடுக்கமாட்டார்.

இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர் நன்னூலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக. தகுதி வழக்கினுள் மங்கலம் என ஒன்றை நம் இலக்கண நூலார் வகுத்தனர். செத்தாரைத் துஞ்சினார் என்றலும், சுடுகாட்டை நன்காடு என்றலும் அதற்கு உதாரணமாகக் காட்டப்படுகின்றன. வீட்டை விட்டுப் புறப்படுங்கால் 'போகிறேன்' என்னாது 'போய் வருகிறேன்' என்றே சொல்லப் பழக்கப்பட்டவர் நாம். விளக்கை 'அணை' என்றல் கூடாது என்று பாட்டியார் கண்டித்ததை நம்மிற் பலரும் மறந்திரார். சொல்லுக்கு ஆற்றல் உண்டு என்று அஞ்சுவதில் நாமும் சீனரும் ஒரு குலத்தவரே.

இனி எமது பன்னிரண்டாம் வயதில் நிகழ்ந்ததைக் கூறுவோம். அதற்கு முந்திய ஆண்டின் நடுவில், ஆ கோங்கும் ஆ மாவும் தம் மூத்த மகனார் வீட்டோடு இருக்கக் கருதி, தீவின் மறுகோடியிலுள்ள ஒரு பேட்டைக்குக் குடிபெயர்ந்தனர். விடைபெறும்போது, 'புத்தாண்டுக்கு வருக' என்று ஆ கோங் எம் தோளைத் தட்டினார். டிசம்பர் விடுமுறைக்கு யாங்கள் திருநெல்வேலிக்கு வந்து திரும்பினோம். பிறகு பள்ளிக்கூடம், பரீட்சை என்று நாட்கள் சென்றன. புத்தாண்டுக்கு யாம் போவதாகவே எண்ணியிருந்தமையால் இடையில் ஒருவரும் விசாரித்திலேம்.

ஆ கோங்கை வியப்பிலாழ்த்த வேண்டும் என்பது எம் உள்ளக்கிடக்கை. பழைய நான்கெழுத்தை மீண்டும் ஒப்பித்தல் போதாது. முதியோர்க்கு உரிய 'லோங் மா ஜிங் ஷென்' என்பதைக் கற்றல் வேண்டும் என்று துணிந்தோம். வகுப்பிற் பக்கத்திலிருந்த சீனத் தோழன் ஆசானானான். மாண்டரினில் ஒவ்வோரசைக்கும் நான்கு தொனிகள் உண்டு. உயர்ந்து சமமாய் நிற்பது ஒன்று, ஏறுவது ஒன்று, தாழ்ந்து எழுவது ஒன்று, சட்டென்று விழுவது ஒன்று. 'மா' என்னும் ஓரொலியே அத்தொனிகளுக்கேற்ப முறையே தாய் என்றும், சணல் என்றும், குதிரை என்றும், திட்டு என்றும் பொருள் தரும். எமது 'மா' இரண்டு வாரம் வரையிற் குதிரையாகவில்லை, திட்டாகவே இருந்தது. மதிய இடைவேளையில் உணவுக்கூடத்திலும், மாலையிற் பேருந்திலும் இடைவிடாது சொல்லிப் பழகினோம். மூன்றாம் வாரத்தில் எம் தோழன், 'இனி நீ சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவன் உன்னைச் சீனன் என்றே எண்ணுவான்' என்றான். எமக்கு அன்று உண்டான பெருமிதம் பின்னாளிற் பெற்ற எப்பரிசினாலும் உண்டாகவில்லை.

புத்தாண்டின் இரண்டாம் நாள் காலையில் அன்னையாரும் யாமும் புறப்பட்டோம். சிவப்புச் சட்டை உடுத்துக்கொண்டோம். காகிதப்பையில் இரண்டு கிச்சிலிப்பழங்கள். பழங்கள் இணையாகவே இருத்தல் வேண்டும். கொடுத்தார்க்கு வேறிரண்டு பழங்களை வீட்டார் திருப்பிக் கொடுத்து, வெறுங்கையோடு அனுப்பாதிருத்தல் அந்நாட்டு வழக்கம். காண்டன் மொழியில் அப்பழத்தின் பெயரும் பொன்னின் பெயரும் ஒன்றேயாதலின் பொன்னைக் கொடுத்துப் பொன்னை வாங்குவதாக ஐதிகம்.

மாடித் தாழ்வாரத்திற் கதவுதோறும் சிவப்புத் தாளிற் பொன்னெழுத்து மின்னியது. யாங்கள் தேடிச் சென்ற கதவில் மட்டும் ஒன்றுமில்லை. அதனை யாம் கண்டோம், ஆயினும் கருதிலேம். புதுவீட்டில் இன்னும் ஒட்டவில்லை போலும் என்றெண்ணினோம். கதவைத் திறந்தவர் மகனார். அவர் சட்டையின் கைப்புறத்தில் ஒரு சிறு கறுப்புத் துணித்துண்டு ஊசியாற் குத்தப்பட்டிருந்தது. அதனையும் கண்டோம். உள்ளே ஆ மா சாய்ந்த நாற்காலியில் நீலச்சட்டை அணிந்து அமர்ந்திருந்தார். யாம் எதனையும் நோக்காது கூடத்தின் நடுவே சென்று நின்று, இடக்கையை மேல்வைத்து, 'கோங் ஷீ ஃபா த்ஸாய்!' என்று உரக்கக் கூறினோம். கூறிவிட்டு, 'ஆ கோங் எங்கே? அவர்க்கு ஒரு புதிய வாழ்த்துக் கொண்டுவந்துள்ளேன்' என்று சொல்லி, அவர் உள்ளறையிலிருந்து கேட்டு வெளிவருவார் என்னும் எண்ணத்தால் அவ்வறையை நோக்கி, 'லோங் மா ஜிங் ஷென்!' என்று பின்னும் உரக்கக் கூறினோம். நான்கு தொனியும் ஒரு பிழையுமின்றி அமைந்தன.

ஒருவரும் பேசவில்லை. அடுக்களையிலிருந்து வந்த மருமகளார் வாயிலிலேயே நின்றுவிட்டார். அன்னையாரின் கை எம் தோளிற் பட்டது. சுவரிலிருந்த ஆ கோங்கின் படத்தையும், அதன்முன் எரிந்துகொண்டிருந்த ஊதுவத்தியையும் அன்னையார் எமக்கு முன் கண்டுவிட்டார் என்பது அத்தொடுகையால் விளங்கிற்று. யாங்கள் ஊரிலிருந்த டிசம்பர் மாதத்தில் அவர் காலமானார். எமக்குச் செய்தி எட்டவில்லை.

ஆ மா எழுந்து வந்தார். பழங்களை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். எம் கன்னத்தைத் தொட்டு, 'தா ஆப்பா, தம்பி, தா ஆப்பா' என்றார். பாதகமில்லை என்பது அம்மலாய்ச்சொல்லின் பொருள். பின்பு தம் மொழியில் 'பெங் ஆன், பெங் ஆன்' என்று இருமுறை கூறினார். மாண்டரினிற் 'பிங் ஆன்' எனப்படும் அச்சொல் அமைதியைக் குறிப்பது. உடைந்த தட்டுக்குக் கூறும் வாழ்த்தின் பின்பாதியும் அதுவேயன்றோ? அன்று உடைந்தது தட்டன்று. ஆயினும் அவர் உடைந்ததைக் கண்டு சினவாது, அதன்மேல் ஒரு நற்சொல்லை வைத்து மூடினார்.

மின்தூக்கி வரையில் வழியனுப்ப வந்த மருமகளார் எம் அன்னையார்க்கு வழக்கத்தைச் சொன்னார். சாவு நிகழ்ந்த வீட்டார் அவ்வாண்டு கதவிற் சிவப்பு ஒட்டார். பிறர் வீட்டுக்கு வாழ்த்தச் செல்லார். பிறரும் அவர்கள் வீட்டுக்கு வாரார். உறை கொடுத்தலும் வாங்கலும் இல்லை. சொல்லி முடிக்குமுன் அன்னையார் தலையசைத்தார். எங்கள் ஊரிலும் சாவு விழுந்த வீட்டில் அவ்வாண்டு பொங்கலுமில்லை, தீபாவளியுமில்லை என்பதை அவர் தம் நாற்பது மலாய்ச்சொற்களைக் கொண்டு கூறினார். துக்கம் விசாரிக்க எப்பொழுது வரலாம் என்று வினவினார். பண்டிகை நாட்கள் பதினைந்தும் கழிந்தபின் வருக என்று மறுமொழி கிடைத்தது. பேருந்தில் அன்னையார் எம்மை ஒரு சொல்லும் கடிந்திலர். 'கதவைப் பார்த்தாயா?' என்று மட்டும் கேட்டார். பார்த்தோம் என்றோம். அதற்குமேற் கேட்கவில்லை.

மூன்று வாரம் பழகிய யாம் ஒலியைப் பழகினோம், கண்ணைப் பழக்கவில்லை. வள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரம் வகுத்ததைப் பள்ளியிற் படித்திருந்தோம். இனிய சொல்லும் இடமறியாது சொல்லப்படுமாயின் கேட்பார் நெஞ்சைச் சுடும் என்பதை அன்று அறிந்தோம். அதன்பின் வாழ்த்துக்களை ஒலிக்காக அன்றி இடத்துக்காகக் கற்கத் தொடங்கினோம். நடு இலையுதிர் காலத்து முழுமதித் திருநாளில் 'ஜொங் ச்சியூ ஜியே குவாய் லெ' என்று மகிழ்ந்து கூறலாம். ஆனால் முன்னோர் கல்லறைகளைத் துப்புரவு செய்து வணங்கும் 'ச்சிங் மிங்' நாளில் இன்பமாகுக என்று வாழ்த்துதல் தகாது. படகுப்போட்டி நிகழும் 'துவான் வூ' திருநாள், ஆற்றில் வீழ்ந்து உயிர்நீத்த சூ யுவான் என்னும் புலவரை நினைவுகூர்வது ஆதலின், அன்று 'குவாய் லெ' என்னாது நலமாக இருக்க என்னும் பொருளுடைய 'ஆன் காங்' என்பதே தக்கது என்று கொள்வாரும் உளர். கிறிஸ்து ஜயந்திக்குச் 'ஷெங் தான் குவாய் லெ' என்பர். அதன் முந்திய இரவுக்குச் சீனர் இட்ட பெயர் 'பிங் ஆன்' இரவு, அஃதாவது அமைதி இரவு, என்பது. ஆப்பிள் பழத்தின் பெயர் 'பிங்' என்று தொடங்குதலால் அவ்விரவில் நண்பர்க்கு ஆப்பிள் கொடுக்கும் வழக்கமும் அண்மைக் காலத்தில் அங்கே தோன்றியிருக்கின்றது.

பண்டிகையின் பதினைந்து நாளும் கழிந்தன. அன்னையார் வெளிறிய பருத்திச் சேலை உடுத்து, எம்மையும் அழைத்துக்கொண்டு சென்றார். பழமும் இல்லை, பலகாரமும் இல்லை. அன்னையார் ஆ மாவின் அருகே தரையில் அமர்ந்து அவர் கையைப் பற்றிக்கொண்டார். இருவரும் அழுதனர். அதற்கு மலாய்மொழி தேவைப்படவில்லை. எமக்குச் சொல்லுவதற்கு ஒரு சொல்லும் தோன்றவில்லை. ஆ கோங்கின் படத்தின்முன் நின்றோம். எட்டாம் வயதில் தாழ்வாரத்தில் அவர் எம் கைகளைப் பற்றித் திருத்தியது நினைவுக்கு வந்தது. இடக்கையை முட்டியாக மடக்கி, வலக்கையை அதன்மேல் வைத்து, தலை தாழ்த்தினோம். திரும்பியபோது ஆ மா எம் கைகளையே நோக்கிக்கொண்டிருந்தார். இதனை யார் கற்பித்தார் என்று கேட்டார். படத்தைக் காட்டினோம்.

பல ஆண்டுகளுக்குப்பின், கல்லூரி நூலகத்தில் ஒரு நூலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சீன நாட்டுக் குவான்ஜோ துறைமுகத்திற் கிடைத்த ஒரு தமிழ்க் கல்வெட்டைப் பற்றிய செய்தி கண்ணிற் பட்டது. அது 1281ஆம் ஆண்டுச் சித்திரை மாதத்தது. அக்காலத்தில் அந்நாட்டை ஆண்டவன் மங்கோலியப் பேரரசனாகிய குப்லாய் கான். சம்பந்தப் பெருமாள் என்னும் தமிழர் ஒருவர், கானுடைய திருமேனி நன்றாக இருத்தற்பொருட்டு அங்கே சிவபெருமானை எழுந்தருளுவித்தார் என்று அக்கல் கூறுகின்றது. அதன் ஈற்றிற் சீன எழுத்தாலாகிய ஒரு வரியும் உண்டு. கடல் கடந்து சென்ற வணிகர் அம்மண்ணில் விட்டுச்சென்ற எழுத்து ஒரு கணக்கோ விலைப்பட்டியலோ அன்று. தம்மை வாழவிட்ட நாட்டின் அரசன் உடல்நலத்துடன் இருக்க என்னும் வேண்டுகோள். 'ஷென் தி ஜியென் காங்' என்பதையே அவர் தமிழிற் சொன்னார் எனலாம். அதனைப் படித்தபோது, ஏழாவது மாடியில் எம் அன்னையாரும் ஆ மாவும் பேசியது புதுவழக்கமன்று, பழவழக்கத்தின் தொடர்ச்சியே என்று எண்ணி உவந்தோம்.

மறு ஆண்டுப் புத்தாண்டு வந்தது. கதவில் மீண்டும் சிவப்புத் தாள் ஒளிர்ந்தது. இம்முறை அதனை நெடுநேரம் நின்று நோக்கிய பின்னரே உள்ளே புகுந்தோம். கூடத்திற் பேரக்குழந்தைகள் நிறைந்திருந்தனர். பழங்களைக் கொடுத்துவிட்டு வாய்திறவாது நின்றோம். சென்ற ஆண்டின் நினைவு நாவைக் கட்டிவிட்டது. ஆ மா சிறிதுநேரம் பொறுத்தார். பின்பு, 'தம்பி, சென்ற ஆண்டு ஆ கோங்குக்கு ஒன்று கொண்டுவந்தாயே. அவர் இல்லாதபோது கொண்டுவந்தாய். அந்தப் பதினைந்து நாளில் இவ்வீட்டில் அவர் பெயரை உரக்கச் சொன்னவன் நீ ஒருவனே. நான் இருக்கிறேன். எனக்குச் சொல்' என்றார்.

கைகளை வைத்தோம், இடக்கை மேல். 'லோங் மா ஜிங் ஷென்' என்றோம். தொண்டை தழுதழுத்தது, தாழ்ந்து எழவேண்டிய 'மா' சட்டென்று விழுந்து திட்டாகிவிட்டது. குழந்தைகள் கொல்லென்று சிரித்தனர். ஆ மாவும் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். பின்பு சிவப்பு உறையொன்றை எம் கையில் வைத்து, 'பெங் ஆன்' என்றார்.

முதன்முறை பிழையின்றிச் சொன்னோம். சொல்லத்தகாத இடத்திற் சொன்னோம். மறுமுறை பிழைபடச் சொன்னோம்; சொல்லவேண்டிய இடத்திற் சொன்னோம். இவ்விரண்டனுள் வாழ்த்து எது என்பதை எம் சக மாணாக்கராகிய நண்பர்கள் தாமே தேர்ந்துகொள்வார்களாக.